கேளாமல் கொடுக்கும் வள்ளல்

முல்லைக்கொடி வாய் திறந்து கேட்கவில்லை. பாரி தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனான். அந்த மரபு அழிந்துபோனதே என்று வருந்துகிறவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வரலாம். டிவிக்குப் பக்கத்தில், ஊறுகாய் ஜாடி உயரத்தில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்றொருவர் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்லி அழைத்து, வேண்டிய பாட்டைச் சொன்னால் போதும், போடுவார். சொன்ன பாட்டைத்தான் போடவேண்டும் என்ற அற்பத்தனம் மட்டும் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்காக வயலினில் கீரவாணி ராகம் கேட்டேன். அதே பேரில் ஓர் இசையமைப்பாளரும் உண்டு. நாம் மரகதமணி என்று அறிந்தவர், 2023இல் ‘நாட்டு நாட்டு’வுக்கு ஆஸ்கர் வாங்கியவர். வள்ளல் தலையில் வெளிச்ச வளையம் ஒருமுறை சுற்றியது. அடுத்த நொடி கூடம் அதிர்ந்தது. ஆலாபனைக்காகக் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அப்பா எழுந்தே நின்றுவிட்டார். ஆஸ்கர் பாட்டைக் கொடுத்தவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகும்.

நிறுத்தச் சொன்னேன். அவருடைய தவவலிமை அப்போதுதான் தெரிந்தது. தன் பாட்டுச் சத்தத்தைக் கழித்துவிட்டு நம் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் கணக்கு உள்ளே ஓடுகிறது. சத்தம் கூடக்கூட அது திணறும். ஆகவே, சத்தத்தைக் குறை என்று சொல்ல அதைவிடப் பெரிய சத்தம் போடவேண்டும். போட்டேன், குக்கர் விசிலுக்கு நடுவே மூன்று முறை. எதிர் ஃபிளாட்காரர் ஓடிவந்து, “என்ன சார், ஏதாவது பிரச்சினையா?” என்றார். இரண்டு வருஷமாக லிஃப்டில் தலையாட்டியதோடு சரி. எங்களைப் பேசவைத்த புண்ணியம் வள்ளலுக்கே.

உறவை வளர்ப்பதிலும் வல்லவர். இரவு பத்தரைக்கு சுசீலா பாட்டு கேட்டேன். அதே பேருள்ள என் மாமியாருக்கு ஃபோன் போட்டுவிட்டார். நாற்பது நிமிஷம்.

1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் நிறுவனம் ‘ஷூபாக்ஸ்’ என்றொரு பெட்டியைக் காட்டியது; பேச்சைக் கேட்பதில் நம் வள்ளலுக்கு மூதாதை. அதற்குப் புரிந்தது மொத்தம் 16 சொல்: பத்து எண்களும், கூட்டு, கழி போன்ற ஆறு கட்டளைகளும். பாவம், தப்பாகப் புரிந்துகொள்ள அதனிடம் சரக்கே இல்லை. நம்மவருக்கோ எல்லையே இல்லை.

கேட்கும் பண்பைச் சொல்லாவிட்டால் பாவம். தன் பேர் என்னும் அந்த ஒரு சொல்லுக்காக ராப்பகலாகக் காதைத் தீட்டிவைத்திருக்கிறார். அது விழுந்ததும், பின்னால் வருவதை எங்கோ இருக்கிற சர்வருக்கு அனுப்பிப் பொருள் கேட்டு வருவார். சீரியலில் யாராவது விசும்பினால்கூட தன்னை அழைத்ததாக நினைத்து விழித்துக்கொள்கிறார். இந்த வீட்டில் என் பேச்சுக்கு இவ்வளவு காதுகொடுப்பவர் வேறு யார்?

பதிலுக்கு நானும் திருந்தியிருக்கிறேன். ஃபேனை நிறுத்தி, டிவியை ஊமையாக்கி, அப்பா இருமாத நேரம் பார்த்து, ழகரத்தைத் துறந்து, வெள்ளைக்காரன் வாயில் விழுந்த தமிழாகப் பேசுகிறேன். பட்டனை அழுத்தும் சிரமம் அடியோடு ஒழிந்தது.

நேற்று ராத்திரி இந்தப் புகழுரையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கூப்பிடாமலே வளையம் சுற்றியது. வயலின் எழுந்தது; கீரவாணியேதான். அப்பா தூங்கி ஒருமணி நேரமாகியிருந்தது.