என் இனிய கி.மு., கி.பி. மக்களே

எங்கள் மாமா தமிழ் சினிமாவின் வரலாற்றை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். கி.மு., கி.பி. அதாவது, கிராமத்துக்கு முன், கிராமத்துக்குப் பின். நடுக்கோடு 1977. அல்லிநகரத்துச் சின்னச்சாமி, பாரதிராஜா என்ற பெயரில் ‘16 வயதினிலே’ எடுத்த வருஷம்.

கி.மு. காலத்தில் கிராமம் ஸ்டுடியோவுக்குள் இருந்தது. குடியானவன் சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டியில் ஏர் ஓட்டுவான். பாரதிராஜா வந்து கமலுக்குக் கோவணம் கட்டி, வெற்றிலைச் சாறு ஒழுகத் தெருவில் நடக்கவிட்டார். இத்தனைக்கும் அந்தத் தமிழ்க் கிராமத்தைப் பிடிக்கக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் போனது கர்நாடகத்துக்கு. அவருடைய குருநாதர், கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலின் சீமை. இதை மாமாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். “மண்ணு மண்ணுதான்டா மாப்ள. பஸ்ல கன்னடத்துல எழுதியிருந்தா மண்ணு மாறிருமா?”

மறுவருஷம் ‘கிழக்கே போகும் ரயில்’. அதுவும் ஓடியது. இவருக்குக் கிராமத்தை விட்டால் என்ன தெரியும் என்று நாலு பேர் பேசினார்கள். மனிதருக்கு ரோஷம். அதே 1978-இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறார் கமல். மேலே ரோஜா பூக்கிறது. நாலு பேரும் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

பிறகு பேரரசு விரிந்தது. கதாநாயகி என்றால் பெயர் ‘ர’வில் தொடங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ரதி, ராதிகா, ராதா, ரேவதி, ரேகா, ரஞ்சிதா. ‘மண்வாசனை’க்கு நாயகன் கிடைக்காமல் அலைந்து, மதுரையில் வளையல் கடையில் நின்ற பாண்டியனைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் புதுமண்டபத்துப் பக்கம் பையன்கள் தலை சீவாமல் கடை திறந்திருக்க மாட்டார்கள் என்பது என் யூகம்.

அந்த வெள்ளை உடை தேவதைகளை என்ன சொல்ல? எங்கள் ஊரில் வெள்ளைச் சேலையில் நாலு பெண்கள் சேர்ந்து வந்தால் எங்கேயோ இழவு. அவர் படத்தில் காதல். ஸ்லோமோஷனில் ஓடுவார்கள், நாயகிக்கு உதடு துடிக்கும், பறவைகள் பறக்கும். ‘காதல் ஓவியம்’ அப்படித் துடித்தே படுத்தது. இளையராஜாவின் பாட்டு மட்டும் பிழைத்தது. மாமா அந்தக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டார். படத்தைப் பற்றிக் கேட்டால் வெற்றிலை போடப் போய்விடுவார். ‘நிழல்கள்’ கதையும் அதேதான்.

ஆனால் ‘முதல் மரியாதை’ இருக்கிறதே. 1985. பெரிய ஒப்பனை இல்லாத சிவாஜி, அந்த வயதில் இளவட்டக்கல்லைத் தூக்குகிறார். குனிகிறார், கல்லை முழங்காலுக்குக் கொண்டுவருகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானும் முக்கினார். சத்தியமாக. அந்த ஒரு காட்சிக்காக இவருடைய ஆயிரம் தேவதைகளை மன்னிக்கலாம் என்று அன்றே முடிவு செய்தேன். இப்படி அவசரப்பட்டு முடிவு செய்திருக்கக் கூடாது.

1987-இல் ‘வேதம் புதிது’. ஆற்றில் ஒரு பொடியன் பாலுத்தேவரைப் பார்த்து, பேருக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தேவர் படித்து வாங்கியதா என்று கேட்கிறான். தியேட்டரில் கைதட்டப் போன கைகள் சில பாதியில் நின்றன. அடுத்த வருஷமே ரஜினியை வைத்துக் ‘கொடி பறக்குது’. பறந்ததா என்று கேட்காதீர்கள். பிறகு ‘கேப்டன் மகள்’. அதையும் கேட்காதீர்கள்.

1993-இல் ‘கிழக்குச் சீமையிலே’ ஓட்டமாய் ஓடியது. நானும் அழுதேன். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் உறைத்தது: ஆற்றில் அந்தக் கேள்வியைக் கேட்கவைத்தவரே மறுபடி மீசையையும் அரிவாளையும் மஞ்சள் தடவிக் கும்பிடச் சொல்கிறாரே! மாமாவிடம் சொன்னேன். “அழுதியா இல்லையா?” என்றார். அழுதேன். “அப்ப பேசாம சைக்கிளை மிதி.” அடுத்த வருஷமே ‘கருத்தம்மா’வில் பெண் சிசுக்கொலையைக் கையில் எடுத்தார். திட்டி முடிப்பதற்குள் கும்பிட வைத்துவிடுவார். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் ‘தமிழ்ச்செல்வன்’ வந்துவிடும்.

‘அன்னக்கொடியும் கொடிவீரனும்’ என்று ஆரம்பித்ததை 2013-இல் ‘அன்னக்கொடி’ என்று வெளியிட்டார். தலைப்பில் வைத்த கத்திரியைப் படத்திலும் கொஞ்சம் ஓட்டியிருக்கலாம். மாமா இடைவேளையில் முறுக்கு வாங்கப் போனவர், திரும்பவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.

அதே வருஷக் கடைசியில் ‘பாண்டிய நாடு’. சுசீந்திரன் படம். மகனைப் பறிகொடுத்த அப்பாவாக பாரதிராஜா. உதடு துடிக்கவில்லை, பறவை பறக்கவில்லை. ஒரு வயதான ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார், நமக்கு வயிற்றைப் பிசைகிறது. படம் முடிந்து விளக்கு போட்டும் மாமா எழுந்திருக்கவில்லை.

“இம்புட்டு தெரிஞ்சுக்கிட்டாடா அந்தப் புள்ளைகளை அத்தனை வருசம் துடிக்கவிட்டான்?”