இருநூறு வெள்ளிக்கு ஒரு மாடிப்படி

என்ன பேராண்டி, கண்ணு செவந்து கெடக்கு? தூக்கமில்லையா? ஓகோ, லிட்டில் இந்தியா டன்லப் தெருவுல பழைய கடைவீட்டு ஓட்டல்ல ராத்தங்கலா! எம்புட்டு? இருநூறு வெள்ளியா? ஒரு ராத்திரிக்கா? பீஷான்ல ஒன் வீட்டுக்குள்ள பேய் ஏதும் புகுந்திருச்சா?

"பாரம்பரியத்தை அனுபவிச்சேன் தாத்தா"ங்குற. எதைடா அனுபவிச்ச? மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. ரூம்புக்குச் சன்னல் இல்ல. பெட்டியைக் கீழ விரிச்சா நீ கட்டில் மேல ஏறி நிக்கணும். இதுக்குப் பேரு பாரம்பரியமா? எங்க காலத்துல இடநெருக்கடிம்போம்.

நான் ரஜூலா கப்பல்ல வந்து எறங்குனப்ப பதினாலு வயசு. கையில ஒரு தகரப்பெட்டி, ஒரு ஊறுகாய்ச் சாடி. அதே தெருவுல ஒரு கடைக்கு மேல எங்கப்பா இருந்தாரு. கூட இன்னும் பதினோரு பேரு. ஆளுக்கு ஒரு பாய் அகலம். பகல் வேலைக்காரர் எந்திரிச்ச சூடு ஆறுமுன்ன ராவேலைக்காரர் வந்து அதுலயே படுப்பாரு. புழுக்கம் தாங்காதவுக பாயைச் சுருட்டிக்கிட்டு அஞ்சடிப் பாதைக்கு எறங்கிருவாக. 1822ல ராஃபிள்ஸ் தொரை வகுத்த நகரத் திட்டத்துல வந்த பாதையப்பா அது. மழை வெயில் படாம சனம் நடக்கட்டும்னு ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் கூரை போட்ட வழி விடச் சொன்னாரு. தொரை நடக்க விட்டாரு. நாங்க படுத்துக்கிட்டோம்.

கக்கூசா? பின்பக்கம் ஒரு வாளி. அம்புட்டுதான். ஆளு வந்து தூக்கிட்டுப் போவாரு. சிங்கப்பூரை விட்டு அந்த வாளி அடியோட ஒழிஞ்சது 1987ல. ஒன் ரூம்புலயோ கண்ணாடிச் சுவரு வெச்ச குளியலறையாம்ல? வாளியை மட்டும் ஏன் பாரம்பரியத்துல சேக்கலன்னு கேட்டியா?

கட்டடத்தைக் காப்பாத்துனதை நான் கொறை சொல்லல. 1989ல அரசாங்கம் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமா ஆக்காம இருந்தா இந்தப் படியும் மிஞ்சியிருக்காது. ஆனா வாசத்தை யாரு காப்பாத்துவா? அங்க எருமைச் சாலை ஒண்ணு, கெர்பாவ் சாலை ஒண்ணு. மலாய்ல கெர்பாவ்னாலும் எருமைதான்! அம்புட்டு மாட்டு வியாபாரம் நடந்த எடம். இப்ப அங்க கலர் கலரா ஒரு வீட்டு முன்னால ஒரே போட்டோக் கூட்டம். பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பாத்த மாதிரி பாக்குறாகளேன்னு நெனச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சது, அது நெசமாவே மிட்டாய்க்காரர் வீடு. டான் டெங் நியான்னு ஒரு சீனத் தவுக்கே 1900ல கட்டுனது.

சரி, பசியாற என்ன குடுத்தாக? மரத்தட்டுல ரெண்டு இட்லி, மேல ஒரு பூவா? பூவை என்ன செஞ்ச, காதுல வெச்சுக்கிட்டியா? நாலு எட்டு வெச்சா தேக்கா நிலையம். வயிறு ரொம்பத் தின்னுட்டு மிச்சக் காசுல எனக்கு ஒரு தே தாரிக் வாங்கியாந்திருக்கலாம்.

நெசமான ஒரு வீட்டுல தங்கி, அந்த வீட்டு ஆத்தா கையால பசியாறணும்னு ஆசைப்பட்டாலும் இந்த ஊருச் சட்டம் விடாது. தனியார் வீட்டை மூணு மாசத்துக்குக் கொறஞ்சு வாடகைக்கு விடப்படாது. அரசாங்க வீவக வீடுன்னா ஆறு மாசம். அதனால ஓட்டலு வீடு மாதிரி நடிக்குது. நீ விருந்தாளி மாதிரி நடிக்கிற. நெசமான ஆத்தா, ஒன் அப்பத்தா, ஈசூன்ல சும்மா சோறு போடுறா. அங்க மட்டும் ஒனக்கு நேரமில்ல.

ஊருலயும் கானாடுகாத்தான் பக்கம் வீடுக ஓட்டலாயிருச்சு. அதுல ஒரு நாயம் இருக்கு. பர்மாத் தேக்குத் தூணு, ஆத்தங்குடிக் கல்லு, முட்டை வெள்ளைக்கரு கலந்து தேச்ச சுவரு. காசு குடுத்தா ஒரு நாளைக்குச் செட்டியாரா இருந்து பாக்கலாம். நீ காசு குடுத்து ஒரு நாளைக்குக் கூலியா இருந்துட்டு வந்திருக்க!

சிரிக்காதடா. போன தீவாளிக்கு நானும் அந்தத் தெருவுல ஒரு படி ஏறிப் பாத்தேன். மேல நின்ன பொண்ணு, "யாரைத் தேடுறீங்க தாத்தா?"ன்னுச்சு. என்னத்தச் சொல்ல? கக்கூசு எங்கன்னு கேட்டுட்டு எறங்கி வந்துட்டேன்.

ஆமா, தெருப்பக்கமா சன்னல் வெச்ச ரூம்பு ஒண்ணு இருக்குமே, அது எம்புட்டாம்? வயசானவுகளுக்குக் கழிவு உண்டான்னு ஒரு போனு போட்டுக் கேளு.