பெயாரிங் கேட்டால் புன்னகை வரும்

கண்டியில் எந்தப் பெயாரிங் கடையிலும் 6205 என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், கை தானாக ராக்கைக்குப் போகும். உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, அகலம் 15. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும் என்பது தொழில்காரர்களின் வாய்ப்பாடு. ஜப்பானில் செய்தாலும் சுவீடனில் செய்தாலும் 6205 என்றால் 6205தான். நாங்கள் போகும் கடைக்கார நானா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "ரப்பர் சீலா, தகடா?" பதில் சொன்னால் சாமான் கையில். பெல்ட்டும் அப்படித்தான். பி-52 என்றால் உலகத்துக்கு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். எங்களுக்கு மில் மோட்டரில் ஓடும் 52 அங்குல பெல்ட்.

நாடு, மொழி, மதம் பாராமல் மனிதர்கள் ஒத்துப்போன விஷயங்கள் மிகக் கொஞ்சம். அவற்றில் இந்த எண்களும் சேர்த்தி. பொறியியலாளர்கள் பல தலைமுறையாகக் கூடிப் பேசிச் சேர்த்த ஒழுங்கு இது. அதைக் கலைத்துப்போட, இணையத்தளத்துக்குப் புதுப்பொலிவு கொடுக்கும் கோஷ்டிக்கு ஒரு போயா விடுமுறை போதும்.

நான் மில்காரன் அல்ல. மனைவியின் தம்பிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் அரைக்கும் மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி எல்லாம் அரைப்பான். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஆங்கிலம் தெரிந்தவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு மெஷின் தெரியும் என்பது எங்கள் குடும்பத்துத் தர்க்கம். ஆகவே கடையில் கிடைக்காத சாமான் எது உடைந்தாலும், "அத்தான், இத கொஞ்சம் நெட்ல பாருங்களேன்" என்று மச்சான் என் வாசலுக்கு வந்துவிடுவான்.

மெஷின் செய்த வெளிநாட்டுக் கொம்பனியின் பழைய தளம் எனக்குப் பிடிக்கும். சாம்பல் நிறம், அலங்காரம் ஒன்றும் கிடையாது. மேலே ஒரு பெட்டி. எண்ணை அடித்தால் சாமான் வரும். எண் தெரியாவிட்டால் மாடலை அழுத்தலாம். இயந்திரத்தைக் கழற்றி அந்தரத்தில் மிதக்கவிட்டதுபோல ஒரு வரைபடம் திறக்கும், துண்டுக்குத் துண்டு இலக்கம் போட்டிருக்கும். மச்சானுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் அந்தப் படத்தை என்னைவிட நன்றாக வாசிப்பான். "அந்தா, பதினேழு" என்பான். சரியாக இருக்கும்.

வருஷப் பிறப்புக்கு முந்திய நாட்களில்தான் அரிசியை அளவாக உள்ளே தள்ளும் ஃபீடரின் சின்னப் பல்சக்கரத்தில் பல் போனது. கவுமுக்கும் கொக்கிஸுக்கும் அரிசி கொண்டுவந்தவர்கள் தெருவரை நிற்க, நான் தளத்தைத் திறந்தேன். பழையதைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளைத் தலைக்கவசம் போட்ட ஒருவர் திரை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கவசத்தில் கீறல் இல்லை, கையில் கிரீஸ் இல்லை. 'உங்கள் வெற்றிப் பயணத்தின் பங்காளி' என்ற அர்த்தத்தில் கீழே ஒரு வாசகம். மச்சான் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இவர் எந்த மெஷின்ல வேல செய்றார், அத்தான்?" என்று கேட்டான்.

சிரிப்பவரைத் தாண்டி உள்ளே போனால் குக்கீஸுக்குச் சம்மதமா என்றது. வெளியே கொக்கிஸுக்கு ஆள் காத்திருக்கிறார்கள், சம்மதம் என்றேன். என் துறை என்ன என்றது. சுரங்கம், எரிசக்தி, விண்வெளி எல்லாம் இருந்தன; மிளகாய் இல்லை. நாடு என்ன என்றது. பட்டியலில் இலங்கையே இல்லாததால் 'ஆசியாவின் ஏனைய பகுதிகள்' என்ற கூட்டத்தோடு போய் நின்றேன். கடைசியில் தேடும் பெட்டியைக் கண்டுபிடித்து, இடையில் கோடு போட்டு எழுதப்பட்ட சாமான் எண்ணை அப்படியே அடித்தேன். ஒன்றும் இல்லை என்றது. கோட்டை எடுத்துவிட்டு அடித்தேன். சுற்றாடலைக் காப்பது பற்றிய கொம்பனியின் அறிக்கை வந்தது. அவர்கள் மரம் நடுகிறார்களாம். நல்ல விஷயந்தான்.

இது ஏன் நடக்கிறது என்பது பெரிய ரகசியம் அல்ல. தளத்தைப் புதுப்பிக்கும் வேலை விளம்பரப் பிரிவுக்குப் போகிறது. சாமான் பட்டியல் வேறெங்கோ ஒரு பழைய தரவுத்தளத்தில் கிடக்கிறது. புதிய தேடல்பெட்டிக்கு வாசகங்கள் தெரியும், பட்டியல் தெரியாது. எண்ணின் நடுவில் கோடு வந்தால் அதை இரண்டு சொல் என்று நினைத்துக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. பழைய பக்கங்களின் முகவரிகளையும் கூடவே அழித்துவிடுகிறார்கள். உலகளாவிய வலையை உண்டாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ, ஒரு முறை கொடுத்த முகவரியை மாற்றாதீர்கள் என்று 1998இலேயே எழுதிவைத்தார். அதைப் படித்தவர்களுக்கு இந்த ஒப்பந்தங்கள் கிடைப்பதில்லை போலிருக்கிறது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் 15 கோடி பவுண் செலவில் 2014 பெப்ரவரியில் புதிய தளம் திறந்தது. பழைய வாடிக்கையாளர்களையும் மறுபடி பதிவுசெய்யச் சொன்னது. அடுத்து வந்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் இறங்கியது. அதுகூட உடுப்புக் கடை. சட்டை தேடிப் போனவர் வேறொரு சட்டையைக் கண்டு மனம் மாறலாம். பல்சக்கரம் தேடிப் போனவர், "பரவாயில்லை, இந்த இளநீலமும் எடுப்பாக இருக்கிறது" என்று இன்னொன்றை வாங்கிவர முடியுமா? எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதன் எண்ணும் கையில் இருக்கிறது. மனத்தை மாற்றும் வேலையே அங்கே இல்லை.

இதைப் புரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1901இல் தொடங்கிய மக்மாஸ்டர்-கார் என்ற கொம்பனி ஆணி, திருகு, வால்வு விற்கிறது. அதன் மஞ்சள் அட்டைப் பட்டியல் புத்தகம் நாலாயிரம் பக்கத்தைத் தாண்டும். தளமும் அந்தப் புத்தகத்தைப் போலத்தான், சிரிப்பவர் யாரும் இல்லை. பொறியியலாளர்கள் அதைக் கோயில் மாதிரிக் கொண்டாடுகிறார்கள். எங்கள் மெஷினுக்கே உரிய பல்சக்கரம் அங்கே கிடைக்காது என்பதுதான் ஒரே குறை.

வாகனம் என்றால் கவலையில்லை, கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த இடைக்காலத்தில் கிழட்டுக் கார்களை ஓடவைத்ததில் அந்தக் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மில்லுக்கு அப்படியொரு தெரு இல்லை.

கண்டிக்கு இயந்திரம் புதிதல்ல. ஜோன் வோக்கர் 1854இல் கோப்பி இயந்திரங்களுக்காகத் தொழில் தொடங்கியது இந்த ஊரில்தான். தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துரவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் பங்களா விறாந்தையில் கொழுந்தைக் கையால் உருட்டவைத்து, பிறகு தானே ஓர் உருட்டும் இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டார். அவர் யாருடைய பட்டியலிலும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை, கொடுத்துவைத்த மனிதர். பிற்பாடு பெல்பாஸ்டில் இருந்து சிரோக்கோ டிரையர்களும், கெயின்ஸ்பரோவில் இருந்து மார்ஷல் ரோலர்களும் மலையேறின. 1925இல் கட்டிய ஹந்தானைத் தொழிற்சாலை இப்போது தேயிலை அருங்காட்சியகம். பழைய இயந்திரங்களை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். கெயின்ஸ்பரோவில் மார்ஷல் தொழிற்சாலை இருந்த இடம் இன்று கடைத்தொகுதி. கொம்பனி போய்விட்டது, வார்ப்பிரும்பில் எழுதிய அதன் பெயர் போகவில்லை. இரும்புக்குப் புதுப்பொலிவு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பல்சக்கரத்துக்கு வருகிறேன். அந்தப் புதிய தளத்தின் மூலையில் இருந்து ஓர் அரட்டைப் பெட்டி எட்டிப்பார்த்தது. பல்சக்கரம் வேண்டும் என்று எழுதினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்றது. எண்ணைக் கொடுத்தேன். அது தொலைபேசி எண் போலத் தெரியவில்லையே என்றது. கடைசியில் விலை கேட்கும் படிவத்துக்கு அனுப்பிவைத்தது. என் பதவி, ஊழியர் தொகை, ஆண்டு வருமானம் எல்லாம் கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொன்னபோது மச்சான் எழும்பி நின்றுவிட்டான். "இறைவரித் திணைக்களம்கூட என்கிட்ட இப்படி மூஞ்சிக்கு நேரா கேட்டதில்ல, அத்தான்."

உடைந்த சக்கரத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு லேத் பாஸிடம் போனோம். அவர் வேர்ணியரை வைத்து அளந்தார், பல்லை எண்ணினார், சுவரில் கரித்துண்டால் எதையோ குறித்தார். "நாளைக்கு பின்னேரம் வாங்க" என்றார். வருமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முற்பணம் மட்டும் கேட்டார். மில் ஓடத் தொடங்கியது. கொஞ்சம் சத்தம் கூட, அவ்வளவுதான்.

வருஷமெல்லாம் பிறந்து முடிந்து, கவும் தீர்ந்த பிறகு, கொம்பனியின் பிராந்தியப் பிரதிநிதி என்று ஒருவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வந்தார். மிக மரியாதையான மனிதர். சாமான் எண் என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுபக்கத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"தளத்தில் பார்க்கவில்லையா?" என்றேன்.

"ஐயோ, அதில் யாரால் தேட முடியும்?" என்றார் அவர். "நாங்கள் எல்லாரும் பழைய பட்டியலை அச்சடித்து வைத்திருக்கிறோம். வேண்டுமானால் உங்களுக்கும் அனுப்புகிறேன். நான் தந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்."

வந்தது. மச்சான் அதை கொமியூனிகேஷனில் பிரின்ட் எடுத்து, சுருள்கம்பி போட்டு, மில்லில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறான். செய்தி பரவி, மாத்தளையில் இருந்துகூட மில்காரர்கள் இரவல் கேட்டு வருகிறார்கள். அடையாள அட்டையை வாங்கி மேசை லாச்சியில் போட்டுக்கொண்டுதான் கொடுக்கிறான். இப்போது கொஞ்ச நாளாக ஆண்டு வருமானத்தையும் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.