ஜனவரி ஆறுக்குப் பிறகு

கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி எல்லோரும் டிசம்பரில் பேசுகிறார்கள். எனக்கு அது ஜனவரி விஷயம். மூன்று ராஜாக்கள் திருநாள் பூசை முடிந்து வந்ததும் குடிலைக் கலைப்போம், ஸ்டாரை இறக்குவோம், பிறகு மரத்தில் கை வைப்போம். வாங்கிய மரம் நல்ல மரமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

1970களில், ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் மரம் சவுக்கு. விறகுத் தொட்டிக்கு லோடு எப்போது வரும் என்று அப்பா முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார். பொன்னேரி, பழவேற்காடு பக்கமிருந்து லாரியில் வரும் கட்டைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு, நுனி வெட்டாமல் பச்சையாகவே வந்துவிடும். “அண்ணே, பசங்களுக்கு ஒரு கொண்டை மட்டும் எடுத்து வைங்க” என்று சொல்லி வைத்தால் போதும், தொட்டிக்காரர் காசு வாங்க மாட்டார். சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வருவோம். நுனி சாலையைப் பெருக்கிக்கொண்டே வரும். டால்டா டின்னில் மணலும் செங்கல் துண்டும் போட்டு இறுக்கி நட்டு, டின்னைச் சுற்றிக் கலர் பேப்பர் ஒட்டுவோம். கிளைகளில் ஜிகினா, மேலே பிய்த்துப் போட்ட பஞ்சு. பக்கத்து வீட்டு மலையாளச் சேட்டனும் எதிர்வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பமும் வைத்ததும் அதே சவுக்குதான்.

கிறிஸ்துமஸ் தாண்டுவதற்குள் ஊசிகள் கொட்டத் தொடங்கிவிடும். ஆறாம் தேதி வரும்போது கிளை முழுக்கப் பழுப்பு. அம்மா ஜிகினாவைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கிளையை முறித்து வெந்நீர் அடுப்பில் வைப்பார். காய்ந்த சவுக்கு படபடவென்று பற்றிக்கொள்ளும். மார்கழிக் குளிரில் இரண்டு மூன்று நாள் எல்லோருக்கும் வெந்நீர். காலியான டின்னில் அம்மா புதினாவை ஊன்றுவார். எடுத்து வைக்க வேண்டியது என்று ஒன்றும் மிஞ்சாது.

சவுக்கு நம் மண்ணின் மரமும் இல்லை, பைன் இனமும் இல்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியக் கரைகளிலிருந்து வந்த மரம் அது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் இன்ஜின்களுக்கு விறகு வேண்டுமென்று சென்னை மாகாணக் கடற்கரை நெடுக நட்டார்கள். ஊசி என்று நாம் நினைப்பது இலையல்ல, கணுக்கணுவான மெல்லிய குச்சி. இலை என்பது ஒவ்வொரு கணுவிலும் இருக்கும் சின்னஞ்சிறு செதில். ஆக, நாங்களும் ஒரு மாற்று மரத்தைத்தான் வைத்திருந்தோம். ஆனாலும் அதன் பட்டையில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது, ஒடித்தால் பச்சை வாசனை வந்தது. கடையில் இன்று ‘ரியலிஸ்டிக்’ என்று காட்டப்படும் மரமோ, எங்கள் குடும்பத்தில் யாரும் தொட்டே பார்த்திராத ஃபிர் மரத்தின் சாயல்.

இப்போது அம்பத்தூரில் அடுக்குமாடி வீடு. விறகு அடுப்பும் இல்லை, விறகுத் தொட்டியும் இல்லை. பிளாஸ்டிக் மரம் வாங்குவதில் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலேயே, காட்டு மரங்கள் குறைந்துபோகும் கவலையில், வாத்து இறகுக்குப் பச்சைச் சாயமேற்றி மரம் செய்திருக்கிறார்கள். ஆனால் வாங்கும்போது பொறுமையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மலிவான மரத்தின் ஊசிகள் பிவிசி தாளைக் கீற்றாக நறுக்கிக் கம்பியில் முறுக்கியவை. தட்டையாக, ஒரே பச்சையாக இருக்கும். விலை கூடியவற்றில் நுனிக்கிளைகளைப் பாலிஎத்திலினில் அச்சு வார்த்திருப்பார்கள். அவற்றில் தடிமன் இருக்கும், நிறத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும். வெளிச்சுற்று பாலிஎத்திலினும் உள்ளே பிவிசியுமாகக் கலந்த மரம் நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். பாரிமுனை ஈவினிங் பஜாரில் வாங்கினாலும் மாலில் வாங்கினாலும், ஒரு கிளையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையால் நீவினால் ஊசி உதிரக் கூடாது. கிளைகள் நடுத்தண்டில் கீலோடு மடங்குவது நல்லது. தனித்தனியாக மாட்டும் வகையில் நாலு வருஷத்தில் பாதிக் கொக்கி தொலைந்துவிடும். தாங்கி இரும்பாக இருக்கட்டும். நம் ஹாலுக்கு ஆறடி போதும், மேலே ஸ்டார் வேறு நிற்க வேண்டும். சீலிங் ஃபேன் இறக்கைக்கு எட்டாத மூலையை முதலில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பழைய பிவிசி மரங்களில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பிளாஸ்டிக் நைய நைய அது தூசியோடு வெளியே வரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், ஈயம் இல்லை என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

எடுத்து வைப்பது இதைவிடப் பெரிய வேலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் லாஃப்டில் வைத்தால் சித்திரை வெயிலில் தளம் கொதித்து பிவிசி மொறமொறத்துப்போகும். தரைத் தளத்திலும் வைக்க முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர் மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர் தொழிற்பேட்டையை நீரில் நிறுத்தியது. மரத்தை வெளியே எடுக்கும் மாதம்தான் நமக்கு வெள்ள மாதமும். அதனால் நடு அறை லாஃப்ட்தான் சரி, குளியலறைச் சுவரை ஒட்டாமல்.

ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் முழுக்க நிழலில் ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும். கிளைகளை மேல்நோக்கி மடக்கிப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டுவேன். ரப்பர் பேண்ட் வெயில் காலத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். அட்டைப் பெட்டி கரையானுக்கும் கரப்பானுக்கும் தீனி. ஜிப் வைத்த துணிப்பை நல்லது. தாங்கிக்குத் துருப் பிடிக்காமல் கொஞ்சம் மெஷின் ஆயில். சீரியல் செட்டை மரத்திலேயே விட்டுவிடாமல் ஒரு அட்டையில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும்.

இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் மரம் ஒன்றால் சுமார் 40 கிலோ கார்பன் வெளியேற்றம் என்கிறது பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட். வெட்டிய மரத்தை விழா முடிந்ததும் எரித்துவிட்டால் சுமார் மூன்றரை கிலோதான். அப்படியென்றால் ஒரு பிளாஸ்டிக் மரத்தைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது வைத்துக்கொள்ள வேண்டும். வசதி இல்லாததால் அம்மா செய்ததை, யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாக உலகம் இன்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆனால் இந்த மரத்தை அம்மாவின் அடுப்பில் வைக்க முடியாது. அடுத்த வாரமே போகி வருகிறது. பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறது. அப்படியும் எங்காவது ஒரு தெருமுனையில் கறும்புகை எழுகிறது. பிவிசி எரிந்தால் டயாக்சின் வரும். மரம் உடைந்துவிட்டது என்று அந்தக் குவியலில் போட்டுவிடாதீர்கள். உடைந்த கிளைகளையும் குடிலுக்குப் பின்புறம் மலையாக அடுக்கலாம்.

பூந்தமல்லிப் பக்கம் சாரம் கட்டும் சவுக்குக் கழி விற்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. டிசம்பர் பிறந்ததும் போய், நுனி ஏதாவது வந்தால் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வருவேன். குடிலுக்குக் கூரை போட இரண்டு கிளை போதும். ஆறாம் தேதி அவற்றை நறுக்கி மாடித் தொட்டிச் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டுவிட்டு, ஸ்டூலைப் போட்டு லாஃப்டைத் திறக்கிறேன்.