ஆரஞ்சுக்கு எத்தனை விசில்?

பருப்புக்கு எத்தனை விசில், கொண்டைக்கடலைக்கு எத்தனை விசில் என்று எங்கள் வீட்டில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆரஞ்சுக்கு எத்தனை விசில் என்று நான் கேட்டதும்தான் வீடு அமைதியானது. அம்மா என் மனைவியைப் பார்த்து, "நெத்தியில கை வச்சுப் பாரும்மா, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கப் போவுது" என்றாள்.

விஷயம் இதுதான். பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வருகிறாள். அவளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் துளி உள்ளே போனால் போதும், அவளுடைய நோய் எதிர்ப்புச் சக்தி குழம்பிப்போய்ச் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். அதற்கு மாத்திரை கிடையாது; ஆயுசுக்கும் பத்தியம்தான் வைத்தியம். ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் கைதட்டிப் பாட்டுப் பாடிவிட்டு, கேக் வெட்டும்போது மட்டும் சிப்ஸ் தட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்கிற பெண் அவள். "இந்தத் தடவை மாமா கையால கேக்" என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டேன். தங்கம் விற்கிற விலையில் தாய்மாமன் சீர் இத்தோடு முடிந்தால் லாபம் என்ற உள்கணக்கும் உண்டு. பாதாம் விலையைக் கடையில் விசாரிக்கும் வரை அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"மைதா இல்லாம கேக்கா? அதுக்குப் பேரு களி" என்றாள் அம்மா.

இந்த இடத்தில் நான் கேக்கின் கட்சியில் சேர்ந்து பேச வேண்டியதாயிற்று. மைதாவுக்குப் பதில் எதையோ கொட்டி ஒப்பேற்றுகிற கேக்குகள் உண்டு. நான் செய்யப்போகிற இந்த ஆரஞ்சு பாதாம் கேக் அந்த ஜாதி இல்லை. பிறக்கும்போதே மைதா இல்லாமல் பிறந்தது. ஸ்பெயினில் வேரோடியிருந்த செபார்டிக் யூதர்களின் கைப்பக்குவம் இது. பஸ்கா பண்டிகையின்போது புளித்து உப்பிய மாவுப் பண்டம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அதனால் பாதாமைப் பொடித்து, முட்டையை அடித்துச் சேர்த்து கேக் செய்துகொண்டார்கள். 1492-ல் ஸ்பெயினை விட்டுத் துரத்தப்பட்டு மத்தியதரைக் கடலோரமெல்லாம் சிதறியபோது சமையலும் கூடவே போயிற்று. கெய்ரோவில் பிறந்து லண்டனில் குடியேறிய கிளாடியா ரோடன், 1968-ல் வெளியிட்ட மத்தியக் கிழக்குச் சமையல் புத்தகத்தில் இதை எழுதிவைத்தார். பிறகு இங்கிலாந்தின் டி.வி. சமையல்காரர் நைஜெல்லா லாசன் சின்ன ஆரஞ்சான கிளமென்டைனை வைத்துச் செய்து இன்னும் பிரபலமாக்கினார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏகாதசிக்கு அரிசி கூடாதுன்னு உங்கப்பா ஒம்பது தோசை சாப்பிடுவாரே, கோதுமையில, அந்த மாதிரி" என்றாள். விரதம் கடுமையாகக் கடுமையாகப் பலகாரம் பெருகும் என்பது எல்லா மதங்களுக்கும் பொதுவான தத்துவம் போலிருக்கிறது.

தேவையான சாமான்கள் ஒரு கைக்குள் அடங்கிவிடும்: இரண்டு ஆரஞ்சு, ஆறு முட்டை, 250 கிராம் பாதாம், 250 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர். வெண்ணெய், எண்ணெய், பால் எதுவும் கிடையாது. பாதாமில் இருக்கிற எண்ணெயே போதும். பேக்கிங் பவுடரில் மட்டும் என்ன மாவு கலந்திருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

பழத்தில்தான் முதல் சண்டை. "ஃபிரிட்ஜ்ல சாத்துக்குடி கிடக்குதே, அதைப் போடுங்க" என்றாள் மனைவி. "கொல்லையில நாரத்தங்காய் உதிர்ந்து கிடக்குது" என்றாள் அம்மா. இரண்டு பேருக்குமே காசு மிச்சம் என்பதுதான் நோக்கம். ஆனால் இங்கே பழத்தைத் தோலும் வெள்ளைச் சதையுமாக முழுசாக அரைக்கப் போகிறோம். சாத்துக்குடி ஜூஸைப் பிழிந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும், கசந்து கிடக்கும். லிமோனின் என்ற பொருள் செய்கிற வேலை அது. கொட்டையில் அது இன்னும் அதிகம். நாரத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் வாழ்க்கையே உப்பில் ஊறுவதற்காக எழுதப்பட்டது. மெல்லிய தோலுள்ள கமலா ஆரஞ்சுதான் சரி என்று நான் தீர்ப்பு சொன்னேன். பழக்கடைக்காரர், "ஜூஸுக்கா சார், சாப்பிடவா?" என்று கேட்டார். வேகவைக்க என்றேன். மறுபேச்சுப் பேசாமல் இரண்டே இரண்டு பழத்தை எடுத்துக் கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவைத்தார்.

திறந்த பாத்திரத்தில் என்றால் ஆரஞ்சு இரண்டு மணி நேரம் வேக வேண்டும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து இருபது நிமிடம் வைத்தால் போதும். ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை: ஒன்று. தோல் வெண்ணெயாகக் குழைந்துவிடும்; கசப்பில் பாதி தண்ணீரோடு போய்விடும். ஆறவிட்டுப் பிளந்து, கொட்டையை ஒன்று விடாமல் பொறுக்கிவிட்டு, மிச்சத்தை மிக்ஸியில் அரைக்க வேண்டியதுதான். வாசனை மாடிப்படி வழியாக இறங்கிப் போய், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எந்தக் கம்பெனி ரூம் ஸ்பிரே என்று கேட்டார்.

பாதாமை அரைப்பதில்தான் நிதானம் தேவை. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். சர்க்கரையில் ஒரு பிடியை எடுத்துக் கூடப் போட்டால் பொடி உதிரியாக வரும். அம்மா பக்கத்தில் நின்று, "இதுல அல்வா கிண்டியிருந்தா தெருவுக்கே குடுத்திருக்கலாம்" என்று இரங்கல் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தாள்.

அக்கா மகள் வந்து இறங்கியதும் நேராகச் சமையலறைக்குள் போனாள். வருமான வரிச் சோதனை மாதிரி ஒவ்வொரு டப்பாவாக வெளியே வந்தது. முதலில் சிக்கியது பெருங்காயம்.

"பாட்டி, இதுல மைதா இருக்கு."

"பெருங்காயத்துல ஏன்டி மைதா இருக்குது?"

டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சுத்தமான பெருங்காயத்தின் காரத்தை நாக்கு தாங்காது என்பதால் பிசினும் மாவும் கலந்துதான் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள். பெரும்பாலும் அந்த மாவு மைதா. இட்லிக்குப் பயமில்லை, சாம்பாருக்குத்தான் பயம். நாற்பது வருஷமாகத் தன் சாம்பாருக்குள் மைதா ஒளிந்திருந்த செய்தியை அம்மாவால் ஜீரணிக்க முடியவில்லை. குளூட்டன் இல்லாமலேயே அன்று அவளுக்கு அஜீரணம்.

அடுத்தது அரிசி மாவு. "எந்த மில்லுல அரைச்சது? இதுக்கு முன்னாடி என்ன அரைச்சாங்க?" இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. கோதுமை அரைத்த கல்லிலேயே அடுத்து அரிசி விழுந்தால், அரிசி மாவோடு கோதுமையும் வீட்டுக்கு வரும். குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். எங்கள் தெரு மில்லின் தரையில் மட்டுமே அதைவிட அதிகம் இருக்கும்.

இத்தனை சோதனைக்குப் பிறகும் ஆபத்து வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. கலவை தயார், ஓவன் 180 டிகிரியில் சூடாகிவிட்டது. தம்பி மனைவி சிரித்த முகத்தோடு கேக் டின்னை நீட்டினாள். "ஒட்டாம வரணும்னு நெய் தடவி மைதா தூவி வச்சிருக்கேன் மாமா."

பட்டர் பேப்பர் போட்ட புது டின் வருவதற்குள் ஒரு மௌன அஞ்சலியே முடிந்துவிட்டது.

ஒரு மணி நேரம் ஓவனில் இருந்தது. பாதியிலேயே மேல்புறம் கறுக்கப் பார்க்கும். அலுமினியத் தாள் போர்த்தினால் அடங்கும். கோபுரமாக எழும்பிய கேக், வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்தது. "அமுங்கிடுச்சே" என்று நாலு குரல் எழுந்தது. அது அப்படித்தான். குளூட்டன்தான் வலை பின்னிக் காற்றைப் பிடித்து வைக்கும். இதில் அந்த வேலையை முட்டை ஒண்டியாகச் செய்கிறது, முடிந்த மட்டும் செய்யும். ஈரமாகவும் கனமாகவும் இருப்பதுதான் இதன் லட்சணம். இனிப்புக்குப் பின்னாலேயே லேசாக ஒரு கசப்பு எட்டிப் பார்க்கும். அது இல்லாவிட்டால் இது வெறும் சர்க்கரை. மறுநாள் சுவை இன்னும் கூடும் என்பார்கள். மறுநாள் வரை விட்டுவைக்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை என்பதால் முட்டை தொடாத அம்மா, ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் சனிக்கிழமை பிறந்துவிட்டது என்று எழுந்து வந்து ஒரு துண்டு சாப்பிட்டாள். "களி நல்லாருக்கு" என்றாள்.

என்னோடு காலையில் நடக்கிற நண்பர் ஒருவர், "குளூட்டன் ஃப்ரீயா? அப்ப உடம்புக்கு நல்லது" என்று மூன்று துண்டு உள்ளே தள்ளினார். அவருக்காக ஒரு கணக்கு: பாதாம், சர்க்கரை, முட்டை எல்லாம் சேர்த்து முழு கேக் ஏறக்குறைய 3,000 கலோரி. பத்தாக வெட்டினால் துண்டுக்கு 300. அவர் நடந்தது இரண்டு கிலோமீட்டர்.

டாக்டர் சொல்லாமல் கோதுமையை விட்டவர்கள் நிம்மதியாகச் சப்பாத்தி சாப்பிடலாம். இந்த கேக்கை ருசிக்காக மட்டும் செய்யலாம். சீலியாக் உள்ள விருந்தாளி வந்தால் கேக் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.