இக்கரையில் நிற்பவர்

ஹனோய் பழைய நகரத்தின் எந்தத் தெருமுனைக்குப் போனாலும் அந்தச் சுற்றுலாப் பயணியைப் பார்க்கலாம். அரைக்கால் சட்டை, மார்போடு அணைத்த பை, கையில் தண்ணீர் பாட்டில். எதிர்ச்சாரியில் முட்டைக் காபிக் கடை. நடுவே ஸ்கூட்டர் வெள்ளம். சுமார் 10 கோடிப் பேர் வாழும் வியட்நாமில் பதிவான இருசக்கர வண்டிகள் 7 கோடிக்கும் மேல். அத்தனையும் அன்றைக்குத் தன் முன்னால்தான் போகின்றன என்பது அவர் கணிப்பு. ஒரு காலை இறக்குவார், சுட்டதுபோல் எடுப்பார். இடமும் வலமும் பார்ப்பார். நடைபாதைமீதே ஒரு வண்டி ஏறிவந்து முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும்போதுதான் மூன்றாவது திசை ஒன்று இருப்பது உறைக்கும். கடைசியில், "இந்த ஊர்ல ஒழுங்குங்கிறதே கிடையாது" என்று மனைவியிடம் தீர்ப்பு வாசித்துவிட்டு, இந்தப் பக்கமே காபி கிடைக்குமா என்று தேடக் கிளம்புவார்.

அந்தத் தெருவில் ஒழுங்கில்லாதவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. அதே இடத்தில் ஓலைத் தொப்பி போட்ட பழக்காரம்மாள் கடப்பதைக் கவனியுங்கள். தோளில் மூங்கில் தண்டு, இரு முனையிலும் பழம் குவித்த தட்டு. ஓடுவதில்லை, நிற்பதில்லை, இறங்கியபோது இருந்த அதே நடை அக்கரை வரைக்கும். எதிரே வரும் வண்டிக்காரர் இரண்டு நொடியில் அந்த அம்மாள் எங்கே இருப்பார் என்று கணக்குப் போட்டு, ஹேண்டில்பாரை இம்மி திருப்பி, முதுகுப் பக்கமாகப் போய்விடுகிறார். அவருக்குப் பின்னால் வருபவருக்கும் அதே கணக்கு. நம்மவரோ மூன்றடி வைப்பார், சிலையாவார், ஓரடி பின்வாங்குவார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார். நான்கு காரியத்துக்கு நான்கு கணக்கு யார் போடுவது? 'பின்னால் வருகிறேன்' என்று சொல்லும் ஹாரனையும் வசவாக எடுத்துக்கொண்டு முறைப்பார். சென்னையிலிருந்து போனவர் என்றால் இன்னும் மோசம். "நாங்க பாக்காத டிராஃபிக்கா?" என்று உள்ளங்கையை நீட்டியபடி இறங்குவார். பிரேக் சத்தமும் "வூட்ல சொல்லிட்டு வந்தியா"வும் வரும் என்று காத்திருப்பார். இரண்டும் வராது. வண்டிகள் சுற்றிக்கொண்டு போய்விடும், அவருக்கு அவமானமாகிவிடும்.

அடிபட்டவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 2006 டிசம்பரில் கணிதக் கல்வி மாநாட்டுக்கு ஹனோய் வந்த சேமூர் பேப்பர்ட், எம்.ஐ.டி.யின் புகழ்பெற்ற கணித அறிஞர், சாலை கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதித் தலையில் படுகாயமடைந்தார். அங்கே ஹெல்மெட் எல்லாச் சாலைகளிலும் கட்டாயமானதே 2007 டிசம்பர் 15-இல்தான். சிவப்பு விளக்கைத் தாண்டும் இருசக்கர வண்டிக்கு 2025 ஜனவரி முதல் 40 லட்சம் டாங்குக்குக் குறையாத அபராதம் என்று அரசே கறாராக இறங்கியிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் அதற்குத் தேவை வந்திருக்காது. ஆகவே ஆபத்தை மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து வேறு, ஒழுங்கின்மை வேறு. விபத்துக்குச் சற்று முன்புகூட பேப்பர்ட் சக அறிஞர் ஒருவரோடு விவாதித்தது, இந்தப் போக்குவரத்தைக் கணித மாதிரியாக எழுதிக்காட்டுவது எப்படி என்பதைத்தான். யாரும் கட்டளையிடாமலே ஒரு முறை உருவாவதை அவர்கள் அதில் கண்டார்கள். என் வாதம் செல்லாத இடமும் ஒன்று உண்டு: கார். ஸ்கூட்டர் வளைந்து போகும். காருக்கும் பஸ்ஸுக்கும் வளைய இடமில்லை. கார்கள் பெருகப் பெருக, பழக்காரம்மாளின் நடைக்கும் மதிப்புக் குறையத்தான் செய்யும்.

நம்மவர் எப்படியோ ஒருமுறை அக்கரை சேர்ந்துவிட்டால் அடுத்த அவதாரம் எடுக்கிறார். காபியைக்கூடக் குடிக்காமல் வாசலில் நின்று, எதிரே தவிக்கும் புதியவர்களுக்குக் கையசைத்துப் பாடம் நடத்துகிறார். "நிக்காதீங்க, நம்பி வாங்க!" ஊர் திரும்பியதும் கல்யாண வீட்டுப் பந்தியில் இதற்கென்று ஒரு பிரசங்கமே உண்டு. கேட்பவர்கள் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஸ்கூட்டர் வந்தால் சீராக நடங்கள்; பஸ் வந்தால் நில்லுங்கள். இரண்டுக்கும் கால் வராதவர்கள் வெள்ளி மாலைக்கும் ஞாயிறு இரவுக்கும் இடையில் போங்கள்; ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் அப்போது வண்டிகளுக்கு அனுமதி இல்லை.