கொடிக்காரர்

பணத்தைச் செலவழித்து ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி வருகிறவனை வீரன் என்றும், பணம் எதையும் எதிர்பாராமல் அந்தப் பாதையோரத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறவனை வேலையற்றவன் என்றும் சொல்வது உலக வழக்கம். அமெச்சூர் கார்ப்பந்தயம் என்னும் அபூர்வமான விவகாரத்தில் இவ்விருவருக்கும் உள்ள உறவை அறிந்தவர்கள் மட்டும், இரண்டு பேருக்கும் பித்தம் சமம்தான், வீட்டாரிடம் வாங்குகிற ஏச்சில்தான் சற்று வித்தியாசம் என்பார்கள்.

நான் வர்ணிக்கப் புகும் கொடிக்காரர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். இந்தப் பித்து அவருக்குப் பிதிரார்ஜிதம். 1953-இல் கார்ப் பிரியர்கள் சிலர் கூடி ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், யுத்த காலத்தில் ஆகாய விமானங்களுக்காகப் போடப்பட்ட சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி வந்த நாட்களில், கோண்டல் மகாராஜாவும் கோயம்புத்தூர்க் கரிவரதனும் விஜய் மல்லையாவும் சீறிப் பாய்ந்த அந்தத் தளத்தின் ஓரத்தில், தகப்பனார் தோளில் உட்கார்ந்து புழுதி குடித்து வளர்ந்த பிள்ளை அவர். 1990-இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தபோது ஊர் ஜனங்கள் வேறு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் பந்தயத்தின் பின்னாலேயே போனார்.

வாரத்தில் ஆறு நாட்கள் அவரைப் போன்ற சாதுவான பிரகிருதியைக் காண முடியாது. ஜி.என்.டி. ரோட்டில் ஸ்கூட்டரை நாற்பதுக்கு மேல் விடமாட்டார். இரும்புச் சுருள் ஏற்றிய லாரிக்கும், ஷேர் ஆட்டோவுக்கும், கவரைப்பேட்டையில் குறுக்கே வரும் எருமைக்கும் ஒரே மரியாதையோடு வழி விடுவார். பந்தய ஞாயிற்றுக்கிழமையிலோ, விடியுமுன் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பூந்தமல்லி வழியாகப் பஸ் மாறி இருங்காட்டுக்கோட்டையை அடைந்து, ஆரஞ்சு நிற அங்கியை மாட்டிக்கொண்டவுடன், தர்மராஜாவின் சபையில் உத்தியோகம் ஏற்றவர்போல் முகம் மாறிவிடும். இந்தக் கைங்கரியத்துக்கு அவர் காணும் பிரதிபிரயோஜனம் ஒரு தொப்பியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமுமே. பொட்டலமும் பெரும்பாலும் இரண்டு பந்தயங்களுக்கு நடுவே நின்றபடியே பிரிக்கப்படும்.

கொடி பிடிப்பதை லேசான காரியம் என்று எண்ணுபவர்கள் அவரிடம் ஐந்து நிமிஷம் பேசிப் பார்க்க வேண்டும். துணியைக் கம்பில் சுற்றி, அதன் முனையை விரலிடுக்கில் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். விரலை விட்ட மாத்திரத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் முழுத் துணியும் விரிய வேண்டும். கொடிக்காரர் இருவரில் ஒருவர் வருகிற வண்டியைப் பார்த்தும், மற்றவர் போன வண்டியைப் பார்த்தும், சீர்வரிசையில் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகளைப்போல் எதிரும் புதிருமாக நிற்பார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே; மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் பாதை வழுக்கும்; சிவப்பு என்றால் பந்தயம் நின்றது. நீலக் கொடிதான் அவருக்குப் பிரியமானது. 'பின்னால் உன்னைவிட வேகமானவன் வருகிறான், வழி விடு' என்பது அதன் பொருள். பிறந்தது முதல் எவருக்கும் வழிவிட்டறியாத தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைக்கு, மாதச் சம்பளக்காரர் ஒருவர் இந்த உபதேசத்தைச் செய்ய, அவனும் அதை நிறைவேற்றித் தீர வேண்டிய இடம் நம் தேசத்தில் வேறெங்கே இருக்கிறது?

ரேஸ்காரரின் உறவுமுறை நேரத்துக்குத் தக்கபடி மாறும். காலையில் "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று குசலம் விசாரிப்பவன், மஞ்சள் கொடியில் முந்தினான் என்று தண்டனை விழுந்த மத்தியானத்தில், "அந்தாளு கொடியே காட்டல சார்!" என்று மேலதிகாரிகளிடம் முறையிடுவான். கொடிக்காரரோ, நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்த துண்டுச் சீட்டை நிர்விகாரமாக நீட்டிவிட்டு, "எழுதறதுதான் நம்ம வேலை, தம்பி. தண்டிக்கிறது கோபுரத்துல இருக்கிறவங்க," என்பார். அதே தம்பி சாயங்காலம் வளைவில் சறுக்கிச் சரளைக்கல்லில் புதைந்தால் முதலில் ஓடிப் போகிறவரும் அவரே.

"தலை சுத்துதா, தம்பி?"

"வண்டிக்கு என்ன ஆச்சுண்ணே?"

இந்தச் சம்பாஷணை பந்தயந்தோறும் எழுத்துப் பிசகாமல் நடக்கும். அவர் கவலை ஆளைப் பற்றி. ஆளின் கவலை வண்டியைப் பற்றி.

இத்தனைக்கும் பந்தயத்தை அவர் பார்ப்பதே இல்லை. 3.7 கிலோமீட்டர் பாதையில் அவருக்குச் சொந்தமானது ஒரேயொரு வளைவு. கை தட்டவும் அனுமதி கிடையாது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப்பந்தயம் நடந்தபோது, வண்டிக் காற்று மேலே படும் தூரத்தில் நின்று திரும்பியவரிடம் யார் ஜெயித்தார் என்று நான் கேட்க, டெலிவிஷனில் பார்த்திருந்த அவருடைய மனைவிதான் விவரம் சொன்னார்.

பந்தயம் முடிந்தபின் வரும் நிதானமான சுற்றில் கொடிக்காரர்கள் கொடிகளை ஆட்டுவதும், ஓட்டுகிறவர்கள் பதிலுக்குக் கை உயர்த்துவதும் மரபு. அதன்பின் மேடையேறிக் கோப்பை வாங்குகிறவன் டயர் கம்பெனிக்கும் மெக்கானிக்குக்கும் தாய் தந்தையருக்கும் நன்றி சொல்லி முடிப்பதற்குள், கொடிக்காரர் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்திருப்பார்; கடைசி ரயிலைத் தவறவிட்டால் திங்கட்கிழமை ஷிப்ட் தவறிவிடும். ஆகையால் ரேஸ்காரத் தம்பிகளே, அவருக்கு மேடையில் நன்றி கூற வேண்டியதில்லை. மஞ்சள் கொடியைக் கண்ட இடத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். அதைவிடப் பெரிய சன்மானம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை.